பத்து நிமிட நடை

மார்ச் 3, திங்கள், இரவு ஒன்றே முக்கால்

அக்கா,

இந்த நேரத்தில் எழுதுவதற்கு முதலில் மன்னித்துக்கொள். கையெழுத்து கோணலாக இருந்தால் தூக்கக் கலக்கம் என்று நினைக்காதே. இடது தோளில் உருண்டைப் பாப்பா படுத்திருக்கிறாள், தாளை முழங்கையால் அழுத்திப் பிடித்து எழுதுகிறேன். கீழே விட்டால் விழித்துக்கொள்வாள். அவள் விழித்தால் இந்தக் கட்டிடமே விழிக்கும். நான் விசா வாங்கி முடித்த பாஸ்போர்ட்டுகளின் பை காலையில் இந்த ஊரிலிருந்து உன் ஆபீசுக்குக் கிளம்புவதற்குள் இது அதற்குள் இருக்க வேண்டும்.

போனில் சொல்வதற்கென்ன என்பாய். போனில் நீ “பாப்பா பால் குடிச்சாளா?” என்று ஆரம்பித்து, “சரி வை, லைன்ல ஆள் இருக்கு” என்று முடித்துவிடுகிறாய். நடுவில் நான் சொல்ல வந்தது நுழையவே இடமில்லை. கடிதத்தில் நீ குறுக்கே பேச முடியாது.

ஜூன் மாதச் சுற்றுலாக் குழுவை நம் இன்னொரு வழிகாட்டி கண்ணாடிக்காரரிடம் கொடுத்துவிட்டாய். நீ சொல்லி எனக்குத் தெரியவில்லை. விசா பாரங்களை அடுக்கும்போது பார்த்தேன். ‘குழுத் தலைவர்’ என்ற கட்டத்தில் அவர் கையெழுத்து. எட்டு வருடமாக அங்கே என் கையெழுத்துதான் இருந்தது. நான் பாரத்தைத் திருப்பி, பின்பக்கம் ஏதாவது விளக்கம் இருக்கிறதா என்றுகூடப் பார்த்தேன், பைத்தியக்காரி.

நம் கம்பெனி கூட்டிப்போகும் நாலு ஊரையும் யார் கண்டுபிடித்தது? எல்லாரும் தலைநகரத்துக்குப் போய்க் கோபுரத்தின் முன் நின்று போட்டோ எடுத்துக்கொண்டிருந்தபோது, ரயில் மாறி, பஸ் மாறி, படி ஊரையும் மணி ஊரையும் ஆத்து ஊரையும் தகர ஊரையும் தேடிப் பிடித்தது யார்? பக்கத்து டிராவல்ஸ்காரர் சுவரில் காதை ஒட்டி வைத்துக் கேட்கிறார், நிஜப் பெயரை ஆபீசில் உச்சரிக்கவே கூடாது என்று இந்தப் பட்டப்பெயர்களை வைத்ததுகூட நான்தான். கண்ணாடிக்காரர் நல்ல மனிதர். ஆனால் அவர் ஊரைப் பார்த்து நடப்பவரில்லை. என் குறிப்பைப் பார்த்து நடப்பவர்.

நான் சும்மா இருக்கப் போவதில்லை. இந்த மூன்று மாதத்தில் தடுப்பூசி கிளினிக் பெஞ்சில் ஆறு பேரைச் சேர்த்துவிட்டேன். ஒரு தையல்காரி, பேங்க் கேஷியர் ஒருத்தி, பிசிக்ஸ் டீச்சர், ரெட்டைக் குழந்தைக்காரி, இன்னும் இரண்டு பேர். பேச்சுவாக்கில்தான் ஆரம்பித்தது. தையல்காரி சொன்னாள்: “எங்கேயாவது போகணுங்க.” எங்கே என்று கேட்டேன். “எங்கேயோ. எங்க வீட்டுக் கதவை வெளிப்பக்கமா பூட்டிட்டுப் போற மாதிரி எங்கேயாவது.” பெஞ்சில் இருந்த எல்லாரும் சிரித்தோம். பிறகு எவ்வளவு செலவாகும் என்று ஒவ்வொருத்தியாகக் கேட்டார்கள்.

மே மாதம், கைக்குழந்தைகளோடு ஆறு அம்மாக்கள். கூட்டிப்போவது நான், என் இடுப்பில் உருண்டை. உன் சம்மதம் வேண்டும்.

வெள்ளிக்கிழமைப் பையில் பதில் போடு.

உன் தங்கை


மார்ச் 6, வியாழன்

சின்னவளுக்கு,

கடிதம் கிடைத்தது. இரண்டாம் பக்கத்தில் பால் கறை. பாப்பா குடித்தாளா என்று நான் கேட்க வேண்டிய அவசியமில்லாமல் போயிற்று.

இத்துடன் ஒரு தாளை வைத்திருக்கிறேன். நம் கம்பெனி விதிமுறைகளின் மூன்றாவது பக்கம். பதினேழாவதைப் படி. “இரண்டு வயதுக்குட்பட்ட குழந்தைகளுடன் வருபவர்களைக் குழுவில் சேர்ப்பதில்லை. விதிவிலக்கு இல்லை.” ‘விதிவிலக்கு இல்லை’ என்பதற்குக் கீழே இரண்டு கோடு. அந்தக் கோடு போட்ட கை யாருடையது? நான் வேண்டாம் என்றேன், ஞாபகம் இருக்கிறதா? “அக்கா, நீ டேபிள்ல உக்காந்திருக்கே, நான் ரோட்டுல நிக்கிறேன், உனக்கென்ன தெரியும்” என்றாய். சரிதான், ரோட்டில் நிற்பவள் சொல்கிறாள் என்று பேசாமல் அச்சடித்தேன்.

அந்த விதியைக் காட்டி இதுவரை எத்தனை பெண்களைத் திருப்பி அனுப்பியிருக்கிறேன் தெரியுமா? ஒவ்வொருத்தியிடமும் “மன்னிக்கணும்மா” என்று சொன்ன வாய் என்னுடையது. இப்போது உனக்கு ஒரு குழந்தை பிறந்தவுடன் விதியைக் கிழித்துப்போடு என்றால், அவர்களுக்கு நான் என்ன பதில் சொல்வேன்?

ஜூன் குழு விஷயம். உன்னிடம் சொல்லியிருக்க வேண்டும். சொல்லவில்லை. சொன்னால் இப்படி ஒரு கடிதம் வரும் என்று தெரியும்.

விசா வேலை கேவலமான வேலை இல்லை. ஒரு வருடம் பொறு. பாப்பா நடக்கட்டும்.

தையல்காரி சொன்னதை இரண்டு முறை படித்தேன். நன்றாகத்தான் சொல்லியிருக்கிறாள். ஆனாலும் முடியாது.

அக்கா


மார்ச் 10, திங்கள்

அக்கா,

பதினேழாவது விதி என்னுடையதுதான். இல்லை என்று சொல்ல மாட்டேன். அது எப்படி வந்தது என்று உனக்குச் சொன்னதே இல்லை. இப்போது கேள்.

ஆறு வருடம் முன்பு, படி ஊர். உனக்குத் தெரியும், அடிவாரத்தில் பஸ் நிற்கும், முந்நூற்றுப் பன்னிரண்டு படி ஏறினால்தான் ஊர். மேலே மஞ்சள் சுவர் சதுக்கம், நம் காலுக்குக் கீழே மற்ற வீடுகளின் ஓட்டுக் கூரைகள், கூரைகளுக்கு மேலே நின்று பேசும் காற்று. விளம்பரத் தாளில் ‘எங்களுக்கு மிகப் பிடித்த ஊர்’ என்று நான் எழுதியது அதைத்தான். அந்தக் குழுவில் பதினொரு மாதக் குழந்தையோடு ஒருத்தி வந்திருந்தாள். படியைப் பார்த்தாள், என்னைப் பார்த்தாள். நான் கடிகாரத்தைப் பார்த்தேன். “நீங்க பஸ்லயே இருங்கம்மா, மூணு மணி நேரத்துல வந்துடுவோம்” என்றேன். அவ்வளவு சுலபமாகச் சொன்னேன்.

இறங்கி வந்தபோது அவள் அதே இருக்கையில் இருந்தாள். சண்டை போடுவாள் என்று பயந்துகொண்டே ஏறினேன். “மேல எப்படி இருந்துச்சு?” என்று மட்டும் கேட்டாள். நான் போட்டோ காட்டினேன். ஒவ்வொன்றாக, நிதானமாகப் பார்த்தாள்.

அன்று ராத்திரி ஹோட்டலில் உட்கார்ந்து விதியை எழுதினேன். அவளுடைய நல்லதுக்கு என்று உன்னிடம் சொன்னேன். பொய். இன்னொரு தடவை அப்படி ஒரு முகத்துக்கு போட்டோ காட்ட எனக்குத் தைரியம் இல்லை, அதனால் எழுதினேன்.

ஆக, விதியை எழுதியவளே சொல்கிறேன், அது தப்பு. எழுதினவளுக்கு அடிக்கவும் உரிமை உண்டு. நீ திருப்பி அனுப்பிய பெண்களின் விலாசம் இருந்தால் அனுப்பு, நானே மன்னிப்புக் கேட்டு எழுதுகிறேன்.

நான் பயப்படவில்லை என்று நினைக்காதே. அவளுக்கு எடை குறைவு என்று கிளினிக்கில் சொன்னதிலிருந்து, தூங்கும்போது மூக்கில் விரலை வைத்துப் பார்க்கிறேன். போன வாரம் மட்டும் இரண்டு காய்ச்சல் மானியை உடைத்தேன். ஆனால் இதே பயத்தை இந்த இரண்டு ரூமுக்குள் இருந்தபடியேதான் பட வேண்டும் என்று எந்த டாக்டரும் சீட்டு எழுதித் தரவில்லை.

முன்பார்வைக்குப் போகிறேன். புதுக் குழு என்றால் முதலில் தனியாகப் போய் நடந்து பார்ப்பது நம் வழக்கம்தானே? நானும் உருண்டையும் மட்டும். என் வீட்டுக்காரரிடம் கேட்டேன். “போய்ட்டு வா. வெயில் காலத்துல பிரிட்ஜ் ரிப்பேர்காரனுக்கு லீவு ஏது, இல்லாட்டி நானும் வந்திருப்பேன்” என்றார். பிறகு பாஸ்போர்ட் போட்டோவுக்காக அரை மணி நேரம் உருண்டைக்கு முன்னால் நின்று குரங்கு போல ஆடினார். மூன்று போட்டோ திரும்பி வந்துவிட்டது, வாய் திறந்திருக்கிறதாம். அவள் வாய் எப்போது மூடியிருந்தது?

நீ சரி என்றால் கம்பெனிக் கணக்கில் போகிறேன். முடியாது என்றால் என் லீவில் போகிறேன்.

உன் தங்கை


மார்ச் 13, வியாழன்

சின்னவளுக்கு,

நீ ஒன்றைச் சொல்லிவிட்டாய். நானும் ஒன்றைச் சொல்கிறேன்.

போன வருடம் பிப்ரவரி. அதே படி ஊர். இருபத்திரண்டு பேர் கொண்ட குழு. ஐந்து மாதம் ஆகியிருந்தது உனக்கு. எனக்குத் தெரியாது. தெரிந்தால் அனுப்ப மாட்டேன் என்று மறைத்துவிட்டுப் போனாய். மேல் படியில் மயங்கி விழுந்தாய். ரிட்டயர்டு ஆனவர்கள் ஆறு பேர் உன்னைக் காப்பிக் கடை நாற்காலியில் உட்கார வைத்து, முந்நூற்றுப் பன்னிரண்டு படியும் தூக்கி இறக்கினார்கள். அவர்களில் ஒருவர்தான் எனக்குப் போன் பண்ணினார். “உங்க தங்கச்சி கண்ணைத் திறக்க மாட்டேங்குறாங்கம்மா” என்றார். பிறகு லைன் போய்விட்டது. மறுபடி கிடைக்க நாற்பது நிமிடம் ஆயிற்று. அந்த நாற்பது நிமிடமும் நான் இந்த டேபிளில்தான் உட்கார்ந்திருந்தேன். எதிரே ஒரு கஸ்டமர் ஜன்னல் சீட் கிடைக்குமா என்று கேட்டுக்கொண்டிருந்தார். கிடைக்கும் என்று சொன்னேன்.

நீ திரும்பி வந்து “ஒண்ணும் ஆகலையே, விடுக்கா” என்றாய். உன்னால் விட முடிந்தது.

நீ போகாமல் இருக்க மாட்டாய், எனக்குத் தெரியும். எனவே கம்பெனிக் கணக்கிலேயே போ. ஆனால் ஒரு நிபந்தனை. நம் நேரப் பட்டியலை எடுத்துக்கொள். ஹோட்டலில் இருந்து பாலம் பத்து நிமிடம், பஸ்ஸிலிருந்து மேல் சதுக்கம் இருபத்தைந்து நிமிடம், எல்லாம் நீயே நடந்து, நீயே எழுதி, எட்டு வருடமாக அச்சாகிற நேரம். பாப்பாவைத் தூக்கிக்கொண்டு அதே நேரத்துக்குள் முடித்துக் காட்டு. முடித்தால் மே மாதக் குழுவுக்குக் கையெழுத்துப் போடுகிறேன். முடியாவிட்டால் ஒரு வருடத்துக்கு இந்தப் பேச்சு வேண்டாம்.

காய்ச்சல் மானி புதிது ஒன்று பையில் வைத்திருக்கிறேன். உடையாத வகை.

அக்கா


மார்ச் 26, புதன், படி ஊரிலிருந்து

அக்கா,

இங்கே பை வராது என்பதால் மெயிலில் அனுப்புகிறேன், ஆனாலும் இது கடிதம்தான். போன் பண்ணாதே. எடுத்தால் அழுதுவிடுவேன்.

முதல் நாள் மணி ஊர். உனக்கு நினைவிருக்கும், அங்கே ஏழு மணிக்கூண்டு, ஒன்றுக்கொன்று கொஞ்சம் முன்னே பின்னே அடிக்கும், பகல் பன்னிரண்டு மணி என்பது அந்த ஊரில் நாலு நிமிடம் நீளும். ‘உலகத்தில் நேரம் தளர்ந்து நடக்கும் ஒரே ஊர்’ என்று அழகாக எழுதி வைத்திருக்கிறேன். எழுதினவளைக் கூட்டிவந்து இங்கே ஒரு கைக்குழந்தையைத் தூங்க வைக்கச் சொல்ல வேண்டும். ஒவ்வொரு மணிக்கும் ஏழு தடவை எழுந்தாள். கீழ் வீட்டுக்காரர் விளக்குமாற்றால் கூரையைத் தட்டினார். பட்டியலில் இருந்து மணி ஊரை அடித்துவிட்டேன். என்றாவது நான் கிழவியாகி, காது மந்தமான பிறகு மறுபடி வருகிறேன்.

இன்று படி ஊர். எழுதிக்கொள், தோற்றுவிட்டேன். இருபத்தைந்து நிமிடம் என்று பட்டியல் சொல்கிறது. நான் ஏறி முடிக்க ஒரு மணி பன்னிரண்டு நிமிடம். நாற்பதாவது படியில் பால் கேட்டாள். நூற்றுப் பத்தில் மாற்றுத்துணி. நூற்றறுபதில் என் முழங்கால் நின்றுவிட்டது. மேலே போய்ச் சேர்ந்தபோது, பட்டியல்படி சதுக்கத்தைப் பார்த்து முடித்திருக்க வேண்டிய நேரம் ஆகியிருந்தது. மஞ்சள் சுவரில் சாய்ந்து உட்கார்ந்தேன். காற்று அப்படியேதான் இருந்தது. உருண்டை அதைப் பிடிக்கக் கையை நீட்டினாள், என் மூக்குக்கண்ணாடி போயிற்று. மூன்று வீடு தள்ளிக் கூரையில் கிடக்கிறது, பையிலிருந்த பழைய கண்ணாடியைப் போட்டுக்கொண்டு எழுதுகிறேன்.

போன வருடம் நடந்ததைப் பற்றி நீ எழுதியதை மேலே உட்கார்ந்து மறுபடி படித்தேன். நாற்பது நிமிடம் என்று எனக்கு யாரும் சொல்லவில்லை. ஐந்து நிமிடம் என்று நினைத்துக்கொண்டிருந்தேன். விழுந்தவளுக்குக் கடிகாரம் ஏது?

நாளை ஆத்து ஊர் வழியாகத் தகர ஊர் போகிறேன். தோற்ற பிறகும் ஏன் போகிறேன் என்று கேட்காதே. டிக்கெட் எடுத்தாயிற்று.

தங்கை


மார்ச் 29, சனி, தகர ஊரிலிருந்து

அக்கா,

முந்தாநாள் எழுதியிருந்தால் இது வேறு கடிதமாக இருந்திருக்கும். ஆத்து ஊரில் நடந்ததைக் கேட்டுவிட்டு, உட்கார்ந்திருந்தால் எழுந்து நில்.

ஹோட்டலில் இருந்து பாலத்துக்குப் பத்து நிமிட நடை. நம் பட்டியலிலேயே சுலபமானது, சமதரை, ஆற்றங்கரை. இதிலாவது ஜெயித்துவிடலாம் என்று உருண்டையை மாரோடு கட்டிக்கொண்டு விறுவிறுவென்று நடந்தேன். இருபத்தாறு நிமிடம். பாலத்தின் கைப்பிடிச் சுவரில் உட்கார்ந்து அழுதேன். அவள் என் கண்ணீரைத் தொட்டு நக்கிப் பார்த்துவிட்டு முகத்தைச் சுளித்தாள்.

அப்போது ஒரு பெரியவர் கையில் ரொட்டிப் பையோடு வந்தார். நம் ஹோட்டல் வாசலில் அவரைப் பார்த்திருந்தேன், எனக்குப் பின்னால் கிளம்பியவர். சுமை இல்லாத அவருக்கே இவ்வளவு நேரமா என்று தோன்றியது, திரும்பிப் போனேன். ஹோட்டல் வாசல் பெஞ்சில் ஸ்டாப்வாட்சோடு உட்கார்ந்துகொண்டேன். கரை நேராகப் போவதால் அங்கிருந்து பார்த்தால் பாலம் வரைக்கும் கண்ணுக்குத் தெரியும். யார் வாசலைக் கடந்தாலும் அழுத்துவேன், பாலம் தொட்டால் நிறுத்துவேன். ஒரு காலை முழுக்க அதுதான் வேலை. உருண்டை காலடியில் உட்கார்ந்து என் செருப்பைத் தின்றாள்.

தபால் கொடுக்கும் பெண்: பதினேழு நிமிடம். பள்ளிக்கூடப் பிள்ளைகள்: பத்தொன்பது. சூட்கேஸ் இழுத்தபடி அவசரமாகப் போன ஒரு ஆள்: பதினைந்து. கைத்தடி வைத்திருந்த ஒரு அம்மா: முப்பத்தொன்று, வழியில் ஒரு பூனையோடு பேச்சு வேறு. கடைசியாக அரைக்கால் சட்டை போட்டு ஒருவன் ஓடினான். அக்கா, ஓடினான். பதினொரு நிமிடம்.

அந்த ஊரிலேயே பிறந்து வளர்ந்து, வியர்க்க விறுவிறுக்க ஓடினவனுக்கே பதினொன்று. அப்படியானால் பத்து நிமிடத்தில் நடந்தது யார்? இருபத்து நாலு வயதில், கையில் ஒரு சுமையும் இல்லாமல், விடியற்காலை காலித் தெருவில், ‘ஒரு ஊருக்கு ஒரு நாள்தான்’ என்று நீ சொன்னதால் குதிரை மாதிரி பறந்த நான். அந்த ஒருத்தி ஒரே ஒரு காலை ஓடியதை அளவு என்று எழுதி, எட்டு வருடமாக எழுபது வயதுக்காரர்களை அதன் பின்னால் ஓட விட்டிருக்கிறோம். “கொஞ்சம் சீக்கிரம் வாங்க, டைம் ஆச்சு” என்று குடையை ஆட்டிக்கொண்டு முன்னால் போனேனே, அவர்கள் ஊரைப் பார்த்திருக்கவே மாட்டார்கள். என் குடையைத்தான் பார்த்திருப்பார்கள்.

நீ வைத்த பரீட்சையில் நான் தோற்கவில்லை. கேள்வித்தாள் தப்பு. அதைத் தயாரித்தவளும் நானே, சரி. ஆனால் இத்தனை வருடத்தில் இந்தக் கம்பெனிக்குக் கிடைத்த முதல் சரியான அளவு, ஒன்பது மாதக் குழந்தையைச் சுமந்தபடி நடந்த இந்த நடைதான். எல்லாவற்றையும் புதிதாக அளந்து ஒரு நோட்டில் எழுதிவிட்டேன். எங்கே நிழல், எங்கே உட்கார இடம், எந்தக் கடையில் கேட்டால் முகம் சுளிக்காமல் வெந்நீர் கொடுக்கிறார்கள், எல்லாம்.

இன்று தகர ஊர். பட்டியலில் இதற்கு நான் எழுதியிருப்பது மூன்றே வார்த்தை: ‘அரை நாள் போதும்.’ துறைமுகம், பாரந்தூக்கிகள், தகரக் கூரை, எண்ணெய் வாடை. போட்டோவுக்கு லாயக்கில்லை. ஆனால் தரை முழுக்கச் சமம். பாரவண்டிக்காகப் போட்ட சாய்தளம் எல்லா வாசலிலும் இருக்கிறது. உருண்டை கத்தினால் யாரும் திரும்பிக்கூடப் பார்ப்பதில்லை, பாரந்தூக்கி அவளைவிட அதிகம் கத்துகிறது. சரக்கு எடை போடும் இடத்தில் கொஞ்சம் நிழலுக்காக நின்றேன். எடை போடுகிறவர் என்னைப் பார்த்தார், அவளைப் பார்த்தார், தராசில் ஒரு கோணியை விரித்தார். பாஷை தெரியாது, கையால் ‘வை’ என்றார். வைத்தேன். எட்டு கிலோ நானூறு என்று பார்சல் சீட்டில் எழுதி, முத்திரை குத்தி, கையில் கொடுத்தார். கிளினிக் சொன்ன எடையைத் தாண்டிவிட்டாள், அக்கா. அந்தத் தகரக் கூரைக்குக் கீழே நின்று நான் சிரித்த சிரிப்புக்கு அவர் பயந்திருப்பார்.

எனக்குப் பிடித்த ஊர் எது என்று இனி யாராவது கேட்டால் இந்த ஊர்தான். ஒரு நாள் இல்லை, இரண்டு நாள் தங்குவோம். படி ஊருக்கும் போவோம், ஒரு முழு நாள் எடுத்து, ஒவ்வொரு திருப்பத்திலும் உட்கார்ந்து. யாரையும் பஸ்ஸில் விட்டுவிட்டு மட்டும் போக மாட்டோம்.

செவ்வாய்க்கிழமை வீடு திரும்பி விசா வேலையில் இருப்பேன். பதில் எழுதி வை.

தங்கை


ஏப்ரல் 3, வியாழன்

சின்னவளுக்கு,

நீ சொன்னபடி எழுந்து நின்றேன். நின்றபடியே அலமாரியைத் திறந்து புகார்க் கோப்பை எடுத்தேன். எட்டு வருடக் கடிதங்கள். ‘மூச்சு வாங்கியது’, ‘வேகம் அதிகம்’, ‘கால் வலியால் இரண்டாம் நாள் ஹோட்டலிலேயே இருந்துவிட்டேன்’, ‘வழிகாட்டி நல்ல பெண், ஆனால் முதுகைத்தான் பார்த்தோம்’. ஒவ்வொன்றின் மூலையிலும் என் கையெழுத்தில் ஒரே குறிப்பு: ‘வயதானவர். பதில் தேவையில்லை.’ எனக்கும் வயது ஐம்பதை நெருங்குகிறது. நான் ஒரு தடவைகூட நம் குழுவோடு போனதில்லை. போயிருந்தால் எனக்கே தெரிந்திருக்கும்.

பழைய நேரப் பட்டியலை நிறுத்திவிட்டேன். அச்சகத்துக்கும் சொல்லிவிட்டேன். பதினேழாவது விதியையும் எடுத்துவிட்டேன். மே மாதக் குழு போகலாம்.

நீ போக வேண்டாம்.

கோபப்படாமல் படி. நோட்டை அனுப்பு. எல்லாக் குழுவுக்கும் அந்த அளவையே வைத்துக்கொள்வோம். மே மாதம் கண்ணாடிக்காரர் கூட்டிப்போவார். பொறுமையான ஆள், மூன்று பிள்ளை வளர்த்தவர். உன் கண்டுபிடிப்பு, உன் அளவு, எல்லாம் நீதான் என்று தாளில் போடுகிறேன். உன் பெயரும் வரும். நீ இங்கே இருந்தபடி வழிநடத்து.

என்னால் இன்னொரு நாற்பது நிமிடம் அந்த மாதிரி உட்கார முடியாது. இதைவிட வேறு காரணம் என்னிடம் இல்லை. இருந்தால் சொல்லியிருப்பேன்.

உன் மூக்குக்கண்ணாடி கூரையில் கிடந்து கிடைத்ததென்று படி ஊர் ஹோட்டல்காரர் எழுதியிருக்கிறார். ஒரு பக்கக் கண்ணாடி இல்லையாம். அனுப்பச் சொல்லட்டுமா?

அக்கா


ஏப்ரல் 7, திங்கள், இரவு பன்னிரண்டேகால்

அக்கா,

கோபப்படாமல்தான் படித்தேன். கோபம் வந்தது இரண்டாவது தடவை படித்தபோது.

நோட்டை அனுப்ப மாட்டேன். பையில் வைக்க எடுத்தேன், மறுபடி மேசைக்குள் வைத்துப் பூட்டிவிட்டேன். அளவு வேண்டும், அளந்தவள் வேண்டாம் என்கிறாயா? அந்த நோட்டில் ‘இருபத்தாறு நிமிடம்’ என்று எழுதியிருப்பதைக் கண்ணாடிக்காரர் படிப்பார். எந்த இடத்தில் குழந்தைக்குப் பசிக்கும், எந்த இடத்தில் அம்மாவுக்கு அழுகை வரும், எப்போது பேசாமல் நின்று ஷூ கட்டுவது போல் நடிக்க வேண்டும், அதெல்லாம் அவர் படித்துத் தெரிந்துகொள்ள முடியாது. முன்னால் வேகமாகப் போகத் தெரிந்தபோது என்னை வழிகாட்டி என்றாய். நிற்கத் தெரிந்துகொண்ட பிறகு, வீட்டிலிருந்து வழிநடத்து என்கிறாய்.

பயத்தைப் பற்றி. அதற்கு நான் பதில் சொல்லியாக வேண்டும், சுற்றி வளைக்க மாட்டேன். நான் மறைத்தேன். அது உனக்குச் செய்த துரோகம். ஆபீசுக்குச் செய்தது என்று இத்தனை நாள் நினைத்தேன். இனி மறைக்க மாட்டேன். உடம்பு சரியில்லை என்றால் படி ஏறுவதற்கு முன்பே உனக்குச் சொல்வேன். இரண்டாவதாக ஒரு துணை வழிகாட்டியும் வரட்டும். கண்ணாடிக்காரரே வரட்டும், பின்னால், கடைசி ஆளோடு நடந்து. அதற்கு மேல் எந்த வாக்குறுதியும் தர மாட்டேன். விழவே மாட்டேன் என்று எழுதித் தர யாராலும் முடியாது, டேபிளில் உட்கார்ந்திருக்கிறவர்களாலும். உன் பயத்தைத் தாங்க என்னால் உதவ முடியும், அக்கா. அதற்காக நான் வீட்டிலேயே இருக்க முடியாது.

வெள்ளிக்கிழமையே கிளினிக்கில் ஆறு பேரையும் கூட்டி எல்லாவற்றையும் சொன்னேன், நீ சொன்னதையும். கண்ணாடிக்காரரோடு போகலாம், கம்பெனி தயார், போகிறீர்களா என்று நேர்மையாகக் கேட்டேன். பிசிக்ஸ் டீச்சர் கேட்டாள்: “அவருக்குப் பால் சுரக்குமா?” ரெட்டைக் குழந்தைக்காரி சிரித்த சிரிப்பில் இரண்டும் எழுந்து கத்தின, நர்ஸ் வந்து எங்களை வெளியே போகச் சொன்னார். வாசலில் நின்றே முடிவு செய்தோம். கேஷியர் மேலதிகாரியிடம் லீவு வாங்கிவிட்டாள். “குழந்தையை வச்சுக்கிட்டு எங்கம்மா போகப்போறே?” என்று அவர் கேட்டாராம். “வெளிநாட்டுக்கு சார்” என்றாளாம். கையெழுத்து வாங்கிக்கொண்டு வந்துவிட்டாளாம்.

மே பத்தொன்பது கிளம்புகிறோம். ஆத்து ஊர் மூன்று நாள், படி ஊர் இரண்டு, தகர ஊர் இரண்டு. கம்பெனியின் பெயரில் போனால் எனக்குப் பெருமை, நீயும் நானும் கட்டினதுதானே அது. இல்லையென்றால் ஏழு தோழிகள் சேர்ந்து ஊர் பார்க்கப் போகிறோம் என்று போவோம். பக்கத்து டிராவல்ஸ்காரரிடம் போக மாட்டேன், அவ்வளவு கீழே இறங்க மாட்டேன். உன்னிடம் கெஞ்சவும் மாட்டேன். சனிக்கிழமை மதியம் பன்னிரண்டு மணிக்கு டிக்கெட் எடுக்கிறோம், எப்படியானாலும்.

உருண்டை எழுந்துவிட்டாள், என் தலைமுடியைப் பிடித்து இழுக்கிறாள், இதோடு நிறுத்துகிறேன். கம்பெனியா, நாங்கள் மட்டுமா, ஒரு வரி போதும். வெள்ளிக்கிழமைப் பையில் இருக்க வேண்டும். சீக்கிரம் பதில் எழுது, அக்கா.

உன் தங்கை